இரண்டு தடவை வாசித்த வாக்குமூலம்

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் தாளையும் ஒரே தடவை கேட்டுவிட்டு அவர் கைநாட்டு வைத்ததில்லை. இரண்டு தடவை வாசிக்கச் சொல்வார். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். அரசாங்கத் தாளில் அவர் பெயரை நான் எழுதியிருக்கிறேன். அதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் அப்போது கோடைக்கானலில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கூட வேலை பார்த்தவர்கள் பாதிப்பேர் செத்துவிட்டார்கள். அவர்களைச் சந்திக்கு இழுத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. செய்தவன் நான்.

முதல் தடவை அவர் வந்தது ஒரு மனு நாளில். ஆண்கள் போடும் பழைய ஸ்வெட்டர், அதற்கு மேல் முந்தானை, வெறும் கால். இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுஞ்சிவப்பு. வாட்டில் மரத்துப் பட்டை உரிப்பவர்களுக்கு அந்தக் கறை ஏறினால் போகாது. தோல் பதனிட அந்தப் பட்டைதான் லாரி லாரியாகக் கீழே போகும். கிளாவரைப் பக்கம் காட்டுக்குள் குடிசை போட்டுப் பட்டை உரிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று கையைப் பார்த்ததுமே தெரிந்தது.

மறுவாழ்வுத் துறையிலிருந்து வந்த ஒரு கடிதத்தை நீட்டினார். வாசித்தேன். "இன்னொருக்கா வாசிங்கய்யா" என்றார்.

"ஏம்மா, காது கேக்கலையா?"

"கேட்டுச்சுங்கய்யா. இன்னொருக்கா."

எரிச்சலோடு வாசித்தேன். இந்தத் தடவை அவர் தாளைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தார். முடிந்ததும் தலையை ஆட்டினார். "சரிங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

எங்கள் பியூன் அட்டுவம்பட்டிக்காரர், வாய்த்துடுக்கு. "என்னம்மா, எங்க சாருக்கே பரீட்சை வைக்கிறியா? பாஸா பெயிலா சொல்லிட்டுப் போ" என்றார்.

"எழுதியிருக்கிறதை வாசிக்கிறவங்க ரெண்டு தரமும் ஒண்ணு போல வாசிப்பாங்க. வாயில வந்ததைச் சொல்றவங்க ரெண்டாவது தரம் மாத்திருவாங்க. அதான் அண்ணே" என்றார் அவர். சிரிக்கவில்லை.

இதை எங்கே கற்றார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அவர் பிறந்தது சிலோன் தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கங்களும் உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்ட காலத்தில், கணக்கப்பிள்ளை ஒரு விண்ணப்பப் பாரத்தை ஒரே தடவை வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கிவிட்டார். லயத்துக் குடியிருப்பில் இருக்கிற எல்லாரையும் ஒரே இடத்துக்கு அனுப்புவார்கள் என்று வாசித்தாராம். தாளில் இருந்தது வேறு. அண்ணன் குடும்பம் அங்கே, இவர் இங்கே. மண்டபம் முகாமில் வந்து இறங்கிய இவர்களிடம் ஓர் ஏஜெண்டு முன்பணத்தைக் கொடுத்து மலைக்கு ஏற்றிவிட்டான். இவர், புருஷன், மகள், மகன். நாலு பேர்.

காட்டுக்குள் வந்ததும் மேஸ்திரி குடும்ப அட்டைகளைப் பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு ஒருவர் வெளியே போகவேண்டுமென்றால் மற்ற மூவரும் உள்ளே இருக்க வேண்டும். அவன் சட்டம் அது. எங்கள் அலுவலகத்துக்கு அவர் எப்போதும் தனியாக வந்ததற்குக் காரணம் அதுதான். சந்தைக்கும் தனியாக, ஆஸ்பத்திரிக்கும் தனியாக.

"என்னம்மா வேணும் ஒனக்கு? எதுக்கு மாசாமாசம் வந்து நிக்கிற?" என்று ஒரு நாள் கத்தினேன்.

"நாலு பேரும் ஒரே பஸ்ஸில மலையிறங்கணுங்கய்யா. அம்புட்டுத்தான்."

அதைவிடச் சின்ன ஆசையை அந்த அலுவலகத்தில் நான் கேட்டதில்லை.

அவருடைய இரண்டு தடவைக்கு எங்கள் ஊரில் தப்பியவர்கள் குறைவு. மருந்துச் சீட்டைக் கம்பவுண்டர் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். பஸ்ஸின் பலகையைக் கண்டக்டர் இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஒரு தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர் ஒருவர் நோட்டீஸ் கொடுத்து, தாயகம் திரும்பியவர்களுக்கு நிலம் தருவோம் என்று வாசித்துக் காட்டினாராம். அந்த அம்மாவே எங்கள் வராந்தாவில் வைத்துச் சொன்னார்: "முதத்தரம் ரெண்டு ஏக்கர்னாரு. இன்னொருக்கா வாசிங்கன்னேன். ஒரு ஏக்கர்னாரு. மூணாந்தரம் கேட்டிருந்தா நான் அவருக்குக் குடுக்க வேண்டி வந்திருக்கும்." அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இன்னொரு நாளும் சிரித்தேன். அதை நினைத்தால் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

நெருக்கடி நிலைக் காலம். உரிமை கேட்டுக் கோர்ட்டுக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருந்த அதே நேரத்தில்தான் பாராளுமன்றம் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் போட்டது. ஒரு கையால் பூட்டு, மறு கையால் திறப்பு. யாரையும் கட்டாய வேலை வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அதை நடத்திக்காட்ட ஒரு சட்டம் போட இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. அந்தச் சட்டத்தின் சுருக்கத்தை அச்சடித்து அனுப்பினார்கள். சுவரில் ஒட்டியிருந்தோம். அந்த அம்மா என்னை வாசிக்கச் சொன்னார். வேலை இல்லாத மத்தியானம், வாசித்தேன். இரண்டு தடவை.

"இந்தச் சட்டம் வந்த அன்னைக்கே எல்லாக் கட்டும் அறுந்து போச்சுன்னா போட்டிருக்கு?"

"ஆமா."

"அப்ப நாங்க அன்னைக்கே அறுந்தவங்கதானே?"

"சட்டப்படி ஆமா. போய் ஒங்க மேஸ்திரிகிட்டச் சொல்லு. அறுந்துட்டோம்னு" என்றேன். பக்கத்து மேஜைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நானும்.

அவர் போய்ச் சொல்லியேவிட்டார். மேஸ்திரியை உட்கார வைத்து, கேட்டதைக் கேட்டபடி வரிவரியாகச் சொன்னாராம். மறுவாரமே கூட்டத்தை இன்னும் உள்ளே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடக்கிற பள்ளத்துக்கு மாற்றிவிட்டான். அதற்குப் பிறகு அவர் வருவது மாசத்துக்கு ஒன்றாக இருந்தது வருஷத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. சட்டத்தை வாசித்துக் காட்டினேன், ஒரு விரலை அசைக்கவில்லை. அசைக்க வேண்டிய வேலை என்னுடையதுதான். கொத்தடிமைகள் இருக்கிறார்களா என்று மாதாமாதம் மேலே அறிக்கை அனுப்பும் சோலி என் மேஜையில்தான் இருந்தது.

அந்த அறிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், இன்மை அறிக்கை என்று ஒன்று உண்டு. ஒன்றுமில்லை என்றாலும் ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். போன மாதத்துத் தாளை எடுத்து, தேதியை மாற்றி, "இன்மை" என்று போட்டுக் கையெழுத்துக்கு வைப்போம். யாரும் போய்ப் பார்க்கமாட்டோம். போய்ப் பார்த்து எழுதுகிறவனைப் பைத்தியக்காரன் என்போம். நான் பணம் வாங்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. மழை பெய்யும், அட்டை கடிக்கும், ஜீப் போகாது. அவ்வளவுதான். கறை ஏறிய அந்தக் கைகள் என் மேஜைக்கு முன்னால் எத்தனையோ தடவை வந்து நின்றிருக்கின்றன. அவர் போனதும் அதே மேஜையில் "இன்மை" என்று எழுதியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சட்டசபையில் ஓர் உறுப்பினர் கேள்வி கேட்டார்: மலைப் பகுதியில் கொத்தடிமைகள் உண்டா? கேள்வி மெட்ராஸிலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து எங்களுக்கு வந்தது. வெரசா பதில் வேண்டும் என்றார்கள். எங்கள் ஆபீசர் மதுரைக்காரர். "என்னய்யா இருக்கு நம்மகிட்ட?" என்றார்.

"எப்பவும் இன்மைதான் சார்."

"அப்புறம் என்ன, போட்டு விடு."

போட்டேன். என் மேஜையில் எழுதிய ஒரு சொல் படியேறிப் படியேறி அமைச்சரின் வாய்க்குப் போய், சபையில் பதிலாகி, அச்சாகிவிட்டது.

பட்டைக் கூட்டத்துக்கு மருந்து கொடுக்கப் போய்வந்த ஒரு சிஸ்டர் இருந்தார். அந்த அம்மா சொல்லச் சொல்ல அவர்தான் ஓர் இன்லண்டு லெட்டரில் பெரிய கோர்ட்டுக்கு எழுதினார். சாதாரணக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொள்ளும் வழக்கம் அப்போது தொடங்கியிருந்தது. கோர்ட்டு எடுத்துக்கொண்டது. உண்மை என்ன என்று அரசாங்கத்தைக் கேட்டது. மறுபடியும் அந்தக் கேள்வி அதே படிகளில் இறங்கி என் மேஜைக்கே வந்தது.

ஆபீசர் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சபையில இல்லைன்னு சொல்லியாச்சு. இப்ப இருக்குன்னு எழுதுனா மந்திரி பொய் சொன்னாருன்னு ஆகும். உரிமை மீறல்னு கெளப்புவாங்க. அப்ப யாரு சீட்டைக் கிழிப்பாங்க? மந்திரி சீட்டையா? ஒன் சீட்டையும் என் சீட்டையுந்தான்."

உரிமை மீறல் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலில் எங்கள் அலுவலகத்துக்குள் கேட்டேன். அந்த அம்மாவின் உரிமையைப் பற்றி யாரும் பேசவில்லை. சபைக்குத் தப்பான தகவல் கொடுத்தால் சபையின் உரிமை கெட்டுப்போகும். அதைக் காப்பாற்றத்தான் நாங்கள் போனோம்.

வெள்ளனே கிளம்பிப் பள்ளத்துக்கு நடந்தோம். ஆபீசர், நான், பியூன். எல்லாருடைய வாக்குமூலத்தையும் எழுதிக் கைநாட்டு வாங்கி வர வேண்டும். வாக்குமூலத்தை முந்தின நாளே அலுவலகத்தில் எழுதி வைத்துவிட்டேன். "நாங்கள் எங்கள் விருப்பப்படியே இங்கு வேலை செய்கிறோம். எங்களை யாரும் தடுத்து வைக்கவில்லை. விரும்பியபோது போய்வருகிறோம்." இதுதான் தாளில் இருந்தது. இதை வாசித்தால் யாரும் கைநாட்டு வைக்கமாட்டார்கள். அதனால் வாசிப்பதற்கு வேறொன்று தயார் செய்திருந்தேன். "எங்கள் அட்டைகளை மேஸ்திரி வைத்திருக்கிறார். நாங்கள் ஊர் திரும்ப விரும்புகிறோம். எங்களை அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

அந்த அம்மா அங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டு தடவை கேட்பார் என்றும் தெரியும். ஆகவே அட்டுவம்பட்டியில் என் அறையில் உட்கார்ந்து அந்த மூன்று வரியையும் மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடத்தில்கூட ஒரு செய்யுளை அவ்வளவு ஒழுங்காகப் படித்தவனில்லை. எங்கே மூச்சு விடவேண்டும் என்றுகூடப் பழகிக்கொண்டேன்.

குடிசைகளுக்கு முன்னால் எல்லாரும் நின்றார்கள். மேஸ்திரி தள்ளி நின்று பீடி பிடித்தான். அவன் முகத்தில் கவலையே இல்லை. அப்போதாவது அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என்மேல் இருந்த நம்பிக்கை அதை மறைத்துவிட்டது. அந்த அம்மாவின் புருஷன் ஒரு கட்டையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். "ஐயா நமக்கு வேண்டியவருங்க. கச்சேரியில எனக்கு எம்புட்டோ வாசிச்சுக் காட்டியிருக்காரு" என்று அந்த அம்மா எல்லாரிடமும் என்னை அறிமுகப்படுத்தினார். அரசாங்க அலுவலகத்தைச் சிலோன் வழக்கப்படி கச்சேரி என்றுதான் சொல்வார்.

வாசித்தேன்.

"இன்னொருக்கா வாசிங்கய்யா."

வாசித்தேன். அதே சொல், அதே மூச்சு. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "ஒண்ணாத்தான் இருக்கு. வைங்க" என்றார். அவர்தான் முதலில் வைத்தார். பட்டைக் கறையில் ரேகை எடுக்கவில்லை. பியூன் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அவர் கட்டை விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கச் செய்தார். அவர் வைத்ததும் மற்றவர்கள் வரிசையாக வந்து வைத்தார்கள்.

திரும்பும் வழியில் பஸ் ஏறும்போது பியூன், "ஏலே, நீ நல்லாருப்பியாடா?" என்றார். அவர் என்னை அதற்குமுன் சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

அரசாங்கம் கோர்ட்டுக்குச் சபையின் பதிலைக் காட்டியது, வாக்குமூலங்களைக் காட்டியது. அமைச்சர் சபையில் சொன்னதும் கூலிக்காரர்களே சொன்னதும் ஒன்றாக இருக்கும்போது கோர்ட்டு வேறு எதை நம்பும்? வழக்கு முடிந்தது. கோர்ட்டைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சபையைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கோர்ட்டு சபையைப் பார்த்தது. சபை எங்களைப் பார்த்தது. நாங்கள் போன மாதத்துத் தாளைப் பார்த்தோம்.

அந்த ஐப்பசி மழையில் அவர் புருஷனுக்கு இருமல் முற்றிவிட்டது. கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டும், ஒருவரால் முடியாது, மகனும் மகளும் கூட வரவேண்டும் என்று மேஸ்திரியிடம் அந்த அம்மா கெஞ்சியிருக்கிறார். மேஸ்திரி சொன்னதைச் சிஸ்டர் என்னிடம் வந்து சொன்னார். "நீங்க சுதந்திரமா இருக்கீங்கன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. அப்புறம் நான் என்னத்த விடுறது?" சொல்லிவிட்டு வழியில் ஆளை நிறுத்தினானாம். மூன்றாம் நாள் புருஷன் செத்தார். மேட்டில், உரித்துப்போட்ட வாட்டில் மரங்களுக்கு நடுவே புதைத்தார்கள்.

சிஸ்டர் மறுபடியும் எழுதினார். இந்தத் தடவை சாவையும் சேர்த்து எழுதினார். கோர்ட்டு எங்கள் தாள் எதையும் கேட்கவில்லை. ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டு நேரே அனுப்பியது. ஒல்லியான மனிதர், கண்ணாடி, ரப்பர் செருப்பு. எங்களிடம் சொல்லாமல் பள்ளத்துக்கு நடந்துபோய் இரண்டு நாள் அங்கேயே தங்கினார். பட்டைக் கூட்டத்தை நடக்கவைத்து மேலே கொண்டுவந்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார். அவர் பையில் கோர்ட்டுத் தாள்கட்டு இருந்தது. அந்த அம்மாவின் வாக்குமூலத்தை எடுத்து, என் முன்னாலேயே வாசித்துக் காட்டினார். நான் எழுதிய தாளை. விருப்பப்படியே வேலை செய்கிறோம் என்பதை.

அந்த அம்மா கோபப்படவில்லை. கமிஷனரைப் பார்த்து, "அது இல்லீங்க. அந்த ஐயா ரெண்டு தரமும் ஒண்ணு போலத்தான் வாசிச்சாரு" என்றார். எனக்காகப் பரிந்து பேசினார். கமிஷனர்தான் ஏதோ தப்பான தாளை எடுத்துவிட்டார் என்று அந்த அம்மா நினைத்தார். கமிஷனர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் என்னை ஐயா என்று கூப்பிட்டது ஒரே ஒரு தடவை.

கூட்டத்தை விடுவித்து, ஆளுக்கொரு விடுதலைச் சான்று கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சான்று எழுதும் வேலை எனக்கு. அதில் ஒரு கட்டம் உண்டு: எந்தத் தேதியிலிருந்து கொத்தடிமையாக இருந்தார்? ஆபீசர் மேஜைக்கு வந்து குனிந்தார்.

"உள்ளதைப் போட்டுத் தொலைச்சிராதய்யா. சபைப் பதில் ஒரு பக்கம் கெடக்கு, கோர்ட்டுக்குக் குடுத்த வாக்குமூலம் ஒரு பக்கம் கெடக்கு. அதுக்கெல்லாம் பின்னாடி மாட்டுன ஆளுங்கன்னு போடு. தள்ளியே போடு. இந்த வருசம் தை."

எல்லாருக்கும் இந்த வருஷம் தை என்று போட்டேன். வாசகர்களுக்குப் புரிகிறதா? அப்படிப் போட்டால் சபையில் சொன்னதும் பொய்யில்லை, கோர்ட்டில் சொன்னதும் பொய்யில்லை. நாங்கள் எழுதிய அத்தனை இன்மையும் உண்மை. தைக்கு முந்தின ஐப்பசியில் செத்தவருக்கு மட்டும் தாள் இல்லை. தை மாதம் அவர் உயிரோடு இல்லையே.

பஸ் வாசலில் நின்றது. கீழே மறுவாழ்வு முகாமுக்குப் போகிற பஸ். வராந்தாவில் மேஜை போட்டுப் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சான்று கொடுத்தேன். அந்த அம்மா வந்தார். பின்னால் மகளும் மகனும். மூன்று தாளைக் கொடுத்தேன். வாங்கி எண்ணிப் பார்த்தார்.

"அவரு தாளு?"

"செத்தவங்களுக்குச் சான்று இல்லைம்மா."

"அவருக்கு என்னத்துக்குங்க தாளு? அவரு இங்க வேலை செஞ்சாருன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கான்னு கேட்டேன்."

மகன் தாளை எழுத்துக்கூட்டிப் பார்த்திருக்கிறான். "எம்மா, நாம தையிலதான் வந்து மாட்டுனோம்னு போட்டிருக்கு" என்றான்.

என் முன்னால் வெற்றுச் சான்றுகள் இருந்தன. முத்திரை இருந்தது. பேனா கையில் இருந்தது. ஆபீசர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு தாள், ஒரு பெயர், உண்மையான ஒரு தேதி. எழுதி நீட்டியிருந்தால் என் சீட்டுப் போயிருக்கும். போயிருக்கலாம்.

அந்த அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அப்ப ஐப்பசியில நான் யாரைய்யா பொதைச்சேன்?"

நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.